மார்கழி, தையில் ஏரிக்கரை நடை: நண்பர்களோடும் நாய்களோடும்

தமிழ்நாட்டுச் சமவெளியில் ஒரு நாயை இரண்டு மணி நேரம் நிம்மதியாக நடத்திக் கூட்டிப்போக வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு வாரம்தான் கிடைக்கும். கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு தொடங்கி மாசி பாதிவரை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். பங்குனியில் காலை எட்டு மணிக்கே திணறும் நாய், மார்கழியில் அதே தூரத்தை வாலை ஆட்டிக்கொண்டே நடந்துவிடும். ஏரியும் அப்போதுதான் நிரம்பிக் கிடக்கும்.

அதே பத்து வாரத்தில்தான் வலசை வந்த பறவைகளும் அந்த ஏரியில் இரை தேடுகின்றன. கண்ணாடி விரியன் பகலில் வெயில் காய வருகிறது. ஊர் நாய்கள் குட்டி போட்டுவிட்டுக் காவல் இருக்கின்றன. சம்பா வயலில் எலிக்குக் கிட்டி வைக்கிறார்கள். ஆகவே இந்தக் காலத்து நடைக்கு முதல் விதி, வண்டியில் இருந்து இறங்கியது முதல் திரும்ப ஏறும்வரை நாயின் கயிறு கையை விட்டுப் போகக் கூடாது என்பது. 'எங்க நாய் கூப்பிட்டா வந்துடும்' என்பது வீட்டு மாடியில் உண்மை. முயல் எழுந்து ஓடும் கரம்பில் அது செல்லாது.

எந்த ஏரி

வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம், வெள்ளோடு, வெட்டங்குடி, உதயமார்த்தாண்டபுரம் போன்ற பறவைகள் சரணாலயங்களை மறந்துவிடுங்கள். காப்புக்காடும் வேண்டாம். அவை 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், வனச் சட்டங்கள் ஆகியவற்றின் கீழ் வரும் இடங்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நாயின் நோய் காட்டுக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கிர் காடு சாட்சி. 2018-இல் அங்கே இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது, அவற்றில் சிலவற்றின் உடம்பில் நாய்களைத் தாக்கும் அதே டிஸ்டெம்பர் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. நரி உலவும் கரம்புக்கும் இது பொருந்தும். தடுப்பூசி போடாத நாயை வெளியே கூட்டிப்போகக் கூடாது என்பதற்கு உங்கள் நாயின் உயிர் மட்டும் காரணம் இல்லை.

ஊர்ப் பாசன ஏரியே போதும். கரை அகலமாக, வண்டிப் பாதை அளவுக்கு இருக்க வேண்டும். இரண்டு நாய்கள் எதிரும் புதிருமாக வந்தால் ஒதுங்க இடம் இருக்கிறதா பாருங்கள். முதல் தடவை நாய் இல்லாமல் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. மதகு எங்கே, கலிங்கு (ஏரி நிரம்பினால் மிச்ச நீர் வெளியேறும் இடம்) வழிகிறதா, ஊர் நாய்கள் எந்தத் திருப்பத்தில் படுத்திருக்கின்றன, மாடு எத்தனை மணிக்கு ஓட்டி வருகிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு நடையில் தெரிந்துவிடும். கரையில் இருக்கும் டீக்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் மீதியும் தெரிந்துவிடும்.

மலையடிவார ஏரி என்றால் கூடுதலாக ஒன்றை விசாரியுங்கள்: அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்கு அவுட்டுக்காய், கம்பிச் சுருக்கு, மின்வேலி வைக்கும் பழக்கம் உண்டா? அவுட்டுக்காய் என்பது தின்பண்டத்துக்குள் ஒளித்து வைத்த வெடி. நாய் மோந்து கவ்வினால் தாடை போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் நடக்கவே வேண்டாம். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்குச் சிறுத்தைதான் முதல் கவலை. அங்கே விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கிளம்பி, பொழுது சாய்வதற்கு வெகு முன்பே வீடு திரும்ப வேண்டும்.

எந்த நாய், எவ்வளவு தூரம்

ஒரு வயது முடிந்து நல்ல உடற்கட்டோடு இருக்கும் நாட்டு நாய் 6 முதல் 8 கிலோமீட்டர் தாராளமாக நடக்கும். ஆனால் தெருமுனை வரை மட்டுமே போய்ப் பழகிய நாயை முதல் நாளே அவ்வளவு தூரம் இழுத்துப் போகாதீர்கள். முதல் வாரம் 3 கிலோமீட்டர், பிறகு வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் கூட்டுங்கள். உள்ளங்கால் தோல் தடிக்க அந்த அவகாசம் வேண்டும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மார்கழியிலும் 2 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். மூச்சுப்பாதை குறுகியது, குளிரால் அது அகலமாகிவிடாது. ஒரு வயது ஆகாத குட்டிக்கு அரை மணி நேரம் போதும். நான்கு மாதம் நிரம்பாத, தடுப்பூசி வரிசை முடியாத குட்டி வரவே கூடாது. சூட்டில், அதாவது இணைசேரும் பருவத்தில், இருக்கும் பெட்டை நாய் மூன்று வாரத்துக்கு வீட்டில் இருக்கட்டும். அது வந்தால் கூட்டத்தில் இருக்கும் ஆண் நாய்களும் சண்டை போடும், ஊர் நாய்களும் பின்னாலேயே வரும்.

கன்னி, சிப்பிப்பாறை இரண்டும் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். முயலோ பூனையோ ஓடினால் காது கேட்காது. அவற்றின் தோல் மெல்லியது, சீமைக்கருவேல முள் பட்டால் கீறல் விழாமல் கிழிந்தே போகும். முடியும் குட்டை என்பதால் விடிகாலைப் பனியில் வெடவெடக்கும். பழைய பனியனை வெட்டி மாட்டிவிட்டால் முதல் அரை மணி நேரத்துக்கு உதவும், உடம்பு சூடானதும் கழற்றிவிடலாம். ராஜபாளையம் நாய்களில் சில பிறவியிலேயே செவிடு. அப்படிப்பட்ட நாயைக் குரலால் நிறுத்த முடியாது, கயிற்றில் இரண்டு மெல்லிய இழுப்பு என்று வீட்டிலேயே ஒரு அடையாளம் பழக்குங்கள். லாப்ரடார் தண்ணீரைக் கண்டால் பாயும், கீழே கிடப்பதையெல்லாம் தின்னும். அதன் கயிற்றைப் பலமான ஆளிடம் கொடுங்கள்.

தடுப்பூசியில் மூன்றைப் பாருங்கள்: வெறிநாய்க்கடி ஊசி, டிஸ்டெம்பர், பார்வோ அடங்கிய கூட்டு ஊசி, எலிக்காய்ச்சல் ஊசி. ஏரிக்கரைக்குப் போகும் நாய்க்குக் கடைசியாகச் சொன்னது விடுபடவே கூடாது. எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் இருந்து வருவது எலிக்காய்ச்சல், மழைக்காலம் முடிந்த கையோடு கரையோரக் குட்டைகளில் இருக்கும். அந்த ஊசி ஒரு வருஷம்தான் தாங்கும்.

கயிறும் பட்டையும்

ஆறு அடி நீளம், ஓர் அங்குல அகலம், நாடாப் பின்னல். இதுவே போதும். பொத்தானை அழுத்தினால் நீளும் கயிறு வேண்டாம். ஐந்து மீட்டர் தூரத்தில் இருக்கும் நாயை நீங்கள் பிடிப்பதற்குள் அது புதருக்குள் தலையை விட்டிருக்கும், மெல்லிய இழை கையையும் அறுத்துவிடும். இரும்புச் சங்கிலியும் கனம், விரலைச் சிக்கவைக்கும். பிடிக்கும்போது நுனி வளையத்துக்குள் கையை மணிக்கட்டுவரை நுழைத்து, மீதியை உள்ளங்கையில் மடித்துப் பிடியுங்கள். விரலில் சுற்றாதீர்கள். நாய் திடீரென்று பாய்ந்தால் விரல் எலும்பு முறியும்.

வேட்டை நாய்களுக்குக் கழுத்து தலையை விட அகலம். சாதாரணக் கழுத்துப்பட்டையை, பின்பக்கமாக இரண்டடி வைத்துத் தலையைக் குனிந்தாலே உருவிவிடும். அவற்றுக்கு நெஞ்சோடு மாட்டும் ஹார்னஸ், அல்லது இழுத்தால் இறுகும் அகலப்பட்டைதான் சரி. எந்தப் பட்டையாக இருந்தாலும் இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் போதும். கிளம்புமுன் வீட்டு வாசலில் நாயின் எதிரே நின்று கயிற்றை உங்கள் பக்கம் மெதுவாக இழுத்துப் பாருங்கள். அங்கே கழன்றால் ஏரியிலும் கழலும். பட்டையில் உங்கள் கைப்பேசி எண் எழுதிய வில்லை தொங்கட்டும்.

என்னென்ன எடுத்துப்போவது

தண்ணீர்: 20 கிலோ நாய்க்கு இரண்டு மணி நேரத்துக்கு அரை லிட்டர், ஆளுக்கு ஒரு லிட்டர். அகலக் கிண்ணம் ஒன்று. ஏரி பக்கத்தில் இருக்கும்போது எதற்குத் தண்ணீர் என்று கேட்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் என்பதே பதில். நாய் தாகமாக இருந்தால்தான் கண்ட குட்டையில் வாய் வைக்கும், ஆகவே அரை மணிக்கு ஒரு தரம் நீங்களே முந்திக்கொண்டு கொடுத்துவிடுங்கள்.

மருந்துப் பையில் முள்வாங்கி, கட்டுத்துணி, பஞ்சு, பொவிடோன் அயோடின், மருத்துவ நாடா, ஒரு பழைய காலுறை. முள்ளோ கண்ணாடியோ உள்ளங்காலைக் கிழித்தால் சுத்தமான தண்ணீரால் கழுவி, துணியை வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்த்தால் ரத்தம் நிற்காது. பிறகு அயோடினை இளஞ்சாயத் தேநீர் நிறத்துக்கு நீர்த்துத் தடவி, கட்டுப்போட்டு, மேலே காலுறையை மாட்டுங்கள். வலி மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். நாம் போடும் பாராசிட்டமாலும் இபுபுரூபனும் நாய்க்கு விஷம்.

பழைய செய்தித்தாள், சின்னக் களைக்கொத்து: நாயின் கழிவுக்கு. தாளில் எடுத்து, தண்ணீரில் இருந்து எழுபது தப்படி தள்ளி அரையடி ஆழத்தில் புதைத்துவிடலாம். ஊர்க்காரர்கள் துணி துவைக்கும், ஆடு மாடு குடிக்கும் நீர் அது.

எல்லோரும் முழுக்கால்சட்டை, கணுக்கால் மூடும் ஷூ. நாய்க்கு முழுச் சாப்பாடு நடந்து முடித்து ஒரு மணி நேரம் கழித்துத்தான். வயிறு நிறைய உண்டு ஓடினால், ஆழமான நெஞ்சுள்ள நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. கிளம்புமுன் இரண்டு வாய் போதும்.

புறப்படும் நேரம்

மார்கழிக் கடைசியில் சென்னையில் சூரியன் 6.30-ஐ ஒட்டியும் கோவையில் 6.45-ஐ ஒட்டியும் உதிக்கும். தரை கண்ணுக்குத் தெரிந்த பிறகே கரை ஏறுங்கள். இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு நடப்பதில் எந்த லாபமும் இல்லை. 8.45-க்குள் முடித்துவிடலாம். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள், ஆனால் அதே தையில் ஒன்பதரை மணி வெயில் சுள்ளென்று இருக்கும். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியவில்லை என்றால் நாயாலும் முடியாது.

மார்கழியில் தெருவழியே போகும்போது கோலங்களைச் சுற்றிப் போங்கள். விடியுமுன் எழுந்து பனியில் குனிந்து போட்ட கோலத்தின் மேல் நாய் காலைத் தூக்கினால் அந்த வீட்டுக்காரருக்கு வரும் கோபம் நியாயமானது. போகி அன்று வேண்டாம், புகையும் மேளச்சத்தமும் நாய்க்கு ஆகாது. காணும் பொங்கலன்று ஏரிக்கரை முழுக்கக் கூட்டம், கீழே எலும்புத்துண்டுகள், அன்றைக்கும் வேண்டாம்.

முதல் பதினைந்து நிமிடம்

கூட்டு நடை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். நண்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்த சந்தோஷத்தில் நின்று பேசுவார்கள். நாய்கள் இறுகிய கயிற்றில் முகத்துக்கு முகம் நிற்கும். நாய் வழக்கில் நேருக்கு நேர் முறைப்பது வம்புக்கு அழைப்பது. கயிறு இறுகியிருந்தால் விலகிப் போக வழியும் இல்லை, ஆகவே பாய்ந்துவிடும்.

ஆளுக்கு ஒரு நாய், மொத்தம் நான்கு நாய்க்கு மேல் வேண்டாம், கையில் நாய்க்கயிறு இல்லாத ஆள் ஒருவர் கட்டாயம். வண்டியில் இருந்து ஒவ்வொன்றாக இறக்குங்கள். இறக்கியவுடன் நிற்காமல், எல்லோரும் ஒரே திசையில், இருபதடி இடைவெளி விட்டு நடக்கத் தொடங்குங்கள். ஐந்து நிமிடத்தில் இடைவெளியைப் பத்தடியாக்குங்கள். பின்னால் வரும் நாய் முன்னால் போன நாய் மோந்த இடத்தை மோக்கட்டும், அறிமுகம் அப்படித்தான் நடக்கும். உடம்பு தளர்ந்து, வால் முதுகு மட்டத்தில் தாராளமாக ஆடினால் பக்கத்தில் போகலாம். வால் கம்பி போல மேலே விறைத்து, வாய் மூடி, அசையாமல் நின்றால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று பொருள். பந்து, எலும்பு, பிஸ்கட் எதுவும் கூட்டத்துக்கு நடுவில் வெளியே வரக் கூடாது.

சண்டை வந்தேவிட்டால் கழுத்துப் பக்கம் கையை விடாதீர்கள். தலையில் தண்ணீரைக் கொட்டுங்கள். விலகாவிட்டால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரண்டு நாய்களின் பின்னங்கால்களையும் தொடைப்பக்கம் பிடித்துத் தூக்கிப் பின்னோக்கி நடக்க வேண்டும்.

கரையின் மேல்

கை காலியாக இருப்பவர் கோலோடு முன்னால் போகட்டும். புல் மறைத்த இடத்தில் தரையைத் தட்டி, காலை அழுத்தி வைத்து நடந்தால் அதிர்விலேயே பாம்பு ஒதுங்கிவிடும். மருந்துப் பை வைத்திருப்பவர் கடைசியில். நாய்கள் நீர்ப்பக்கம் அல்ல, வயல்பக்கம் நடக்கட்டும்.

நீர்ப்பக்கத்தில் நாமக்கோழிகளும் கிளுவைகளும் ஊசிவால் வாத்துகளும் மேயும், சேற்றோரம் உள்ளான்கள் ஓடும். தெற்கே சில ஏரிகளுக்கு இமயத்தைத் தாண்டிப் பட்டைத்தலை வாத்தும் வருகிறது. ஆளை மட்டும் கண்டால் சற்றே தள்ளி நீந்தும் கூட்டம், நாயைக் கண்டால் எழுந்து பறந்துவிடும். திரும்பிப் போகும் பயணத்துக்குக் கொழுப்பு சேர்க்க வந்த பறவை அது. ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் அன்றைய தீனியில் ஒரு பங்கை நாம் பறிக்கிறோம். கூட்டம் தலையைத் தூக்கிப் பார்க்கத் தொடங்கினால் அங்கேயே நில்லுங்கள், அல்லது கரைக்கு மறுபுறச் சரிவில் இறங்கி நடங்கள். ஆள்காட்டிக் குருவி கத்த ஆரம்பித்தால் நீங்கள் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள்.

ஆகாயத்தாமரை படர்ந்த ஓரத்தில் தனிக் கவனம் வேண்டும். நாயின் கண்ணுக்கு அது பச்சைப் புல்தரை. துள்ளி இறங்கினால் இலைக்கு நடுவே தண்ணீருக்குள் போய்விடும், தண்டும் வேரும் காலைச் சுற்ற நீந்தவும் முடியாது. மதகு உறிஞ்சும் இடத்திலும், பாசி பிடித்து நீர் வழியும் கலிங்கின் மேலும் நாயை விடாதீர்கள்.

வயல் வரப்பில் இறங்க வேண்டியிருந்தால் கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள். டெல்டா பக்கம் எலிக்கு வைக்கும் மூங்கில் கிட்டி நாயின் காலையும் நெரிக்கும். எலிமருந்து கலந்த பொரியும் கிடக்கலாம். மாடு முட்ட வந்தால் மட்டும் நம் முதல் விதிக்கு விலக்கு: கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டின் குறி நாய்தான், அது ஓடித் தப்பிக்கும். பிடித்துக்கொண்டு நின்றால் குத்து உங்களுக்கு விழும்.

ஊர் நாய்கள்

அது அவற்றின் இடம். குட்டி போட்ட தாய் கத்தினால் நம்மைத் திட்டவில்லை, எல்லையைச் சொல்கிறது. உங்கள் நாயை மறுபக்கத்துக்கு மாற்றி, நடுவில் நீங்கள் வந்து, வேகம் கூட்டாமல் வளைந்து கடந்து போங்கள். ஓடினால் துரத்தும். நெருங்கி வந்தால் குனிந்து கல் எடுப்பது போலச் செய்தாலே ஊர் நாய் நின்றுவிடும், எறிய வேண்டியது இல்லை. பிஸ்கட் போட்டுச் சமாதானம் செய்வதை நாங்கள் சொல்ல மாட்டோம். அடுத்த வாரம் அந்தக் கூட்டம் உங்களை எதிர்பார்த்து நிற்கும்.

யாரையாவது கடித்துவிட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனை. அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். எல்லாத் தவணையையும் முடிக்க வேண்டும். உங்கள் நாய் கடிபட்டால், ஏற்கெனவே தடுப்பூசி போட்டிருந்தாலும் மருத்துவரிடம் காட்டி மறுபடி போட வேண்டும்.

பாம்பு

கண்ணாடி விரியன் பொதுவாக இரவில் திரிவது. குளிர் நாட்களில் பகலிலும் வெளியே வரும், கரைச்சரிவில் சருகு நிறத்தில் சுருண்டு கிடக்கும். குக்கர் ஆவி விடுவது போல நீளமாகச் சீறும். அந்தச் சத்தம் கேட்டால் வந்த வழியே பின்வாங்குங்கள். நாய் அதை மோந்து பார்க்கத்தான் போகும், ஆகவே கடி பெரும்பாலும் முகத்திலோ முன்னங்காலிலோ விழுகிறது.

கடித்துவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு (முகம் வீங்கினால் அது நெரிக்கும்) நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். பெரிய நாய்க்குப் போர்வையே தூளி. விஷமுறிவு மருந்து எல்லாக் கால்நடை மருத்துவமனையிலும் இருக்காது. எங்கே இருக்கிறது என்று நடைக்கு முந்தின நாளே தொலைபேசியில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒன்றே, ஆகவே பாம்பை அடித்து எடுத்துப் போகத் தேவையில்லை. அதற்கான விஷத்தைச் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பைக் கொல்லாமல் எடுத்துத் தருகிறார்கள். கடிபட்டது ஆள் என்றால் 108.

வீடு திரும்பிய பிறகு

வண்டியில் ஏற்றும் முன்பே முதல் சோதனை. நாயுருவிக் கதிர் தையில் காய்ந்து நிற்கும், பெயரிலேயே நாய் இருக்கிறது. அதன் விதை ஒவ்வொன்றும் இரண்டு நுண்முள்ளோடு முடிக்குள் தலைகீழாக ஏறும். நாயைப் படுக்கவைத்து, பாதத்தை உங்கள் உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் மேலிருந்து அழுத்தினால் விரல்கள் விரியும். ஒவ்வொரு இடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே சிக்கிய புல்விதை நாளடைவில் தோலைத் துளைத்து உள்ளே போய்ச் சீழ் வைக்கும். நாய் ஓயாமல் காலை நக்குவது அதற்கு அடையாளம். தலையை ஒரே பக்கம் உதறினால் காதுக்குள் விதை இருக்கலாம், குச்சியை விட்டு நோண்டாமல் மருத்துவரிடம் போங்கள்.

பிறகு உண்ணி. காதின் உள்மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், விரலிடுக்கு, வாலடி, இந்த ஐந்து இடத்தையும் கண்ணால் மட்டும் பார்க்காமல் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். மிளகு போலத் தட்டுப்படும். முள்வாங்கியால் தோலை ஒட்டி, உண்ணியின் வாய்ப்பக்கமாகப் பிடித்து, திருகாமல் நேராக, ஒரே சீராக இழுங்கள். வயிற்றைப் பிடித்து நசுக்கினால் அதன் உள்ளே இருப்பது நாயின் உடம்புக்குள் போகும். மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். எடுத்ததைச் சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள், நகத்தில் நசுக்காதீர்கள்.

சின்ன உண்ணி முதல் நாள் கையில் அகப்படாது, ரத்தம் குடித்துப் பருத்த பிறகே தெரியும். மூன்றாம் நாள் சாயங்காலம் இன்னொரு தரம் தடவுங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் நாய் சோர்ந்து படுத்தாலோ, சாப்பாட்டை மோந்துவிட்டுத் திரும்பினாலோ, கண்ணோ ஈறோ மஞ்சளடித்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். ஏரிக்கரைக்குப் போன தேதியைச் சேர்த்துச் சொல்லுங்கள். உண்ணிக்காய்ச்சலா எலிக்காய்ச்சலா என்று எந்த ரத்தப் பரிசோதனையை முதலில் செய்வது என அவர் முடிவெடுக்க அந்தத் தேதி வேண்டும்.